ஸ்ரீவராகத்தில் ஒரு பை பிராணவாயு

மக்களே, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகள் உங்கள் பாடப் புத்தகத்திலேயே நிறைய இருக்கின்றன. இத்தனை வருஷம் நர்ஸாக நின்றதில் எனக்குச் சொந்தமாகச் சேர்ந்தது நான் செய்த மடத்தனங்கள்தான். அவற்றில் ரப்பர் பையைப் பற்றியது இரண்டு உண்டு. ஒன்று சிரிக்க, மற்றொன்று சிரிக்க முடியாதது.

சிரிக்க வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கல்குளத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு திருவனந்தபுரம் வந்து இறங்கிய முதல் மாதம். வார்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இடுப்பு வலியோடு படுத்திருந்தார். அவருக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னார்கள். நான் பாதிப் பைக்கு வெந்நீர் ஊற்றி, சூடு ஆறிவிடுமே என்று அவசரமாக மூடியைத் திருகி, துணியில் சுற்றி அவர் இடுப்புக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன். மீதிப் பாதிப் பையில் இருந்த காற்று என் நினைவிலேயே இல்லை. அது சூடேறி விரிந்து இடம் தேடிக்கொண்டிருந்தது. தாசில்தார் கனத்த உடம்புக்காரர், புரண்டு படுத்தார். மூடியின் வாஷர் பிய்ந்து வெந்நீர் பீய்ச்சியடித்தது. அவர் எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரர், "சிஸ்டர், இடுப்பு வலிக்கு இத்தர நல்ல மருந்து வேறெ இல்லா" என்றார்.

தலைமை நர்ஸ் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் பையை மறுபடி நிரப்பி, மேஜையில் சாய்த்து, வாயருகில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடினார். "நீ வெள்ளம் மாத்ரம் நோக்கி. காற்றை ஆரு நோக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். தாசில்தார் வீடு திரும்பும் நாள்வரை என் கையால் பை வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி மற்றது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எதற்கும் தட்டுப்பாடு, ரப்பருக்கு இன்னும் தட்டுப்பாடு. எங்கள் ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொண்டுபோகும் பைகள் இரண்டே இரண்டு இருந்தன. தலையணை அளவில், ரப்பர் பூசிய கெட்டித் துணியில் தைத்தவை. ஒரு மூலையில் குழாய், குழாயில் ஓர் இடுக்கி. ஆஸ்பத்திரியில் இருக்கும் இரும்பு சிலிண்டரிலிருந்து பையை நிரப்பி வீட்டுக்கு எடுத்துப் போய், குழாயை நோயாளியின் மூக்கருகில் வைத்து, இடுக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். இரண்டு பைகளில் ஒன்று கிழிந்து, சைக்கிள் கடையில் கொடுத்து ஒட்டுப் போட்டு வாங்கியது.

கோட்டையை ஒட்டிய ஸ்ரீவராகத்தில் ஓர் அக்ரகார வீட்டில் மங்களம் என்ற பெண்ணுக்கு நிமோனியா. இருபத்திரண்டு வயது. மூன்று மாதக் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வண்டியில் ஏற்றி அசைத்தால் வழியிலேயே போய்விடுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஆஸ்பத்திரி அந்த வீட்டுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரி என்றால் நானும், இரண்டு பைகளும், அவற்றை சைக்கிளில் கட்டிக் கொண்டுவரும் அட்டெண்டர் குட்டன் பிள்ளையும். டாக்டர் எனக்குச் சொன்ன உத்தரவு சின்னது. உதடு நீலம் பாரித்தால் கொடு, சிவந்தால் நிறுத்து, வீணாக்காதே.

அந்த வீட்டில் மங்களத்தின் கணவர் நீலகண்டனும் அவருடைய தாயாரும்தான். நீலகண்டன் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, பெண்டாட்டியின் கட்டிலருகே வந்தால் கை நடுங்கும் மனுஷர். தாயாரை நான் மாமி என்று கூப்பிட்டேன். நாற்பது, நாற்பத்திரண்டு வயதுதான் இருக்கும். பதினெட்டு வயதிலேயே கணவனை இழந்தவர். மழித்த தலையில் முக்காடு. மடி ஆசாரம் என்றால் அவருக்கு உயிர். நனைத்துக் கட்டிய துணியோடு அடுக்களைக்குப் போனால் பெற்ற மகனைக்கூடத் தொடமாட்டார். நான் வேறு வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். எனக்கென்று ஒரு தம்ளரும், பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒரு மூலையும் ஒதுக்கியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். அந்தக் கோபத்தில் நானும் முதல் நாளே என் பங்குக்கு ஒரு வேலி போட்டேன். "இந்தப் பையை யாரும் தொடப்பிடாது" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

மீன மாத வெயில், தமிழில் பங்குனி வெயில், எப்படிக் கொளுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் குட்டன் பிள்ளை கொண்டுவந்து இறக்கிய பை உருளைபோல விறைத்திருந்தது. இருட்டு அறைக்குள் வைத்துக் கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தொளதொளவென்று கிடக்கிறது. இடுக்கியோ இறுக்கமாக இருக்கிறது. வழியில் எங்கோ இறக்கிவைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார், கை பட்டுக் காற்று போயிருக்கிறது என்று நானே தீர்மானித்து, வயதுக்குக்கூட மரியாதை கொடுக்காமல் அவரைப் பிடித்துச் சாடினேன்.

"ஞான் தொட்டில்லா சிஸ்டரே," என்றார் அவர். "வெயிலத்து வீர்க்கும், அகத்து வந்நா சுருங்கும். என்றெ சைக்கிள் டியூபும் இங்ஙனெ தன்னெ. உச்சைக்கு நிறச்சு காற்றடிச்சா பொட்டும்."

எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. பரீட்சையில் எழுதிய பாடம் இது. சூடு ஏறினால் வாயு விரியும், ஆறினால் ஒடுங்கும். விறைத்த பைக்குள்ளும் தொய்ந்த பைக்குள்ளும் இருப்பது அதே அளவு பிராணவாயுதான். பெரிதாகத் தெரிவதால் மங்களத்துக்கு ஒரு மூச்சுகூட அதிகம் கிடைக்கப்போவதில்லை. அன்றிலிருந்து பையின் மேல் ஈரச் சாக்குப் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். வந்த பையை அறைச் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் எவ்வளவு இருக்கிறது என்று அமுக்கிப் பார்ப்பேன். இதைக் குட்டன் பிள்ளையும் நானும் அறிவோம். அந்த வீட்டில் வேறு யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை.

மூன்றாம் நாள் கோவில் ஆறாட்டு. சாமி கடற்கரைக்கு எழுந்தருளும் நாள் என்றால் கோட்டைப் பக்கம் எப்படியிருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மத்தியானத்துக்குமேல் மங்களத்துக்கு இழுப்பு அதிகமாயிற்று. நல்ல பை காலியானதும் குட்டன் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனார். நீலகண்டன் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். வீட்டில் மீந்தது ஒட்டுப் போட்ட பை ஒன்றுதான். அது நிறைய இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொடுத்ததில் மங்களத்தின் உதடு கொஞ்சம் சிவந்து கண் அயர்ந்தாள். நான் இடுக்கியை இறுக்கிவிட்டு எழுந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை, ஊசியையும் கொதிக்க வைக்க வேண்டும். மேற்கு ஜன்னல் வழியாகப் பையின் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மாமியைக் கூப்பிட்டு, இந்தப் பையை மாற்றி வையுங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். மூன்று நாளில் முதல் தடவையாக அவரைப் பையைத் தொடச் சொன்னேன்.

ஊசியைக் கொதிக்க வைத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். மாமி கிணற்றடிக்கு வந்தார். நோயாளியின் அறையில் புழங்கிவிட்டால் குளிக்காமல் அடுக்களைக்குப் போகமாட்டார். இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டார். அவர் முகத்தில் அந்த மூன்று நாளில் நான் பார்க்காத ஒரு சந்தோஷம்.

"நர்ஸம்மா, நீங்க சொன்ன மாதிரியே வெச்சுட்டேன். என்ன சொல்றது போங்கோ! நன்னா நெறைஞ்சுடுத்து பை. கிணத்துல ஜலம் ஊறற மாதிரின்னா ஊறறது!"

வாயில் சோற்றோடு நானும் தலையாட்டினேன். அடுத்த வாய் எடுக்கக் கை போகிறது. அப்போதுதான் அது உறைத்தது. ஜன்னல் வெயிலிலிருந்து மாற்றி வைத்த பை சுருங்கத்தானே வேண்டும்? அது எப்படி நிறையும்?

பாத்திரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஓடினேன்.

அறை வாசலிலேயே ரப்பர் வேகும் நாற்றம். மங்களத்தின் கட்டிலுக்கு நாலடி தள்ளி, குமுட்டி அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கிறது. அதை ஒட்டினாற்போல ஒரு பலகையில் பையை நிறுத்தி வைத்திருக்கிறார் மாமி. பையின் மூலைகள் நாலும் புடைத்துத் துணியின் தையல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் கடை ஒட்டு ஓரத்தில் எழும்பி, உஸ்ஸென்று மெல்லிய சத்தம். அந்தப் பக்கத்துக் கரி மட்டும் வெள்ளையாக எரிகிறது.

மக்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் கை தானாக எங்கே போயிற்று தெரியுமா? இடுக்கிக்கு. வெடிக்கப்போகிற பையைக் கண்டால் திறந்து கொஞ்சம் காற்றை விடுவோம் என்றுதான் யாருக்கும் கை போகும். விரல் இடுக்கியில் பட்டும் விட்டது. நான் அதைத் திறந்திருந்தால் பிராணவாயு நேராகக் கனலின் மேல் பாய்ந்திருக்கும். கட்டிலில் விரிப்பு, கொசுவலை, அதற்குள் மங்களம். தீப்பிடிக்காமல் தப்பித்திருந்தாலும், அவளுக்கென்று வீட்டில் இருந்த ஒரே பையை நானே ஊதித் தொலைத்தவள் ஆகியிருப்பேன். என்னை நிறுத்தியது படிப்பா, பயமா, கர்த்தரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை எடுத்தேன். திறக்க வேண்டாம், ஆற வைத்தால் போதும் என்று புத்தியில் ஓடியது.

பையை அப்படியே தூக்கி அறையின் எதிர்மூலைக்குக் கொண்டுபோனேன். உள்ளங்கை பொசுங்கியது. ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி கத்தினேன்.

"மாமி! ஈரத்துணி! சட்டுனு ஒரு ஈரத்துணி கொண்டு வாங்க!"

மாமி குளித்த கோலத்திலேயே ஓடிவந்து வாசலில் நின்றார். முக்காட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அறையில் ஈரத்துணி கிடையாது. கொடியில் தொங்கியதெல்லாம் மீன மாத வெயிலில் முறுகிக் கிடந்தது. அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, பையை என் கையிலிருந்து வாங்கி மடியில் கிடத்தி, ஈரப் புடவையோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். என் கை அவர் கையோடு ஒட்டியிருந்தது. அதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை.

"அமுக்காதீங்க மாமி. சும்மா ஒட்டிப் பிடிச்சிட்டிருங்க."

சரியென்று கையைத் தளர்த்தினார். ஈரம் பட்ட இடத்தில் ரப்பரிலிருந்து ஆவி எழுந்தது. சிறிது நேரத்தில் உஸ்ஸென்ற சத்தம் தேய்ந்து நின்றது. புடைத்திருந்த மூலைகள் படிந்தன. இதைப் பார்த்த மாமியின் முகம் வெளுத்துவிட்டது.

"சுருங்கறதே நர்ஸம்மா! போயிடுத்தா எல்லாம்?"

"போகல்ல மாமி. கொஞ்சம்தான் போச்சு, மிச்சமெல்லாம் உள்ளதான் இருக்கு. சூடு போகுது, அதான் ஒடுங்குது. முன்ன வீங்கினதும் சூட்டிலதான். ஒண்ணும் ஊறல்ல."

சொல்லிவிட்டு, அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் பொங்க, "தீக்கிட்ட கொண்டு வைக்க உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

மாமி என்னைத் திகைத்துப் பார்த்தார்.

"நீங்கதானே சொன்னேள்? 'பையைத் தணல்ல வைங்க மாமி'ன்னு சொல்லிட்டுப் போனேளே. அடுக்களையிலேர்ந்து தணல் அள்ளிண்டு வந்து வெச்சேன். குளிர்ந்த காத்து நெஞ்சுக்கு ஆகாது, வெதுவெதுன்னு போகட்டும்னு சொல்றேளாக்கும்னு நெனச்சேன்."

 தணல் என்று நான் சொன்னது உண்மைதான். எங்கள் ஊரில் நிழலுக்குத் தணல் என்போம், மலையாளத்திலும் அதே வார்த்தை, வார்டில் நாள் முழுக்க மலையாளப் பேச்சுதான். அம்பாசமுத்திரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, அடுக்களையும் கிணற்றடியுமாக இருந்த அந்த அம்மாளுக்குத் தணல் என்றால் கங்கு. நிழலில் வைக்கச் சொன்னேன். நெருப்பில் வைத்தார். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் பேசினோம்.

வெட்கப்பட அப்போது நேரமில்லை. மங்களம் முனகினாள். உதடு மறுபடி நீலம். குமுட்டி அடுப்பைக் குறடால் பிடித்து முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். மாமியைப் பையோடு கட்டில் பக்கம் நகர்ந்து உட்காரச் சொல்லி, குழாயை மங்களத்தின் மூக்கருகில் கட்டி, இடுக்கியை நூலளவு தளர்த்தினேன். ஒட்டின் மேல் என் கட்டைவிரல், இடுக்கியில் மற்றக் கை. கொஞ்சம் கொடுத்து, உதட்டைப் பார்த்து, நிறுத்தி, மறுபடி கொடுத்து என்று போயிற்று. குட்டன் பிள்ளை வந்துவிட்டால் கவலையில்லை. அவரைக் காணோம். தூரத்தில் மேளமும் ஜனங்களின் இரைச்சலும் கேட்டன. வழியை அடைத்திருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கட்டைவிரல் மரத்துப்போனது. மாமி கால் மாற்றி உட்காரக்கூட இல்லை. புடவை உலர உலரப் பக்கத்துச் செம்பிலிருந்து தண்ணீரைக் கையால் அள்ளித் தன் மேலேயே தெளித்துக்கொண்டார். அது எனக்கென்று வைத்திருந்த குடிதண்ணீர். பை அவர் மடியில் மெலிந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை மெலிவது நிஜமாகவே காலியாவது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் மங்களத்தின் உதட்டைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "குழந்தே, இழு. நன்னா இழு. இந்தா, இருக்கு பாரு, இழு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.  மாமியாரைப் பற்றி நான் மூன்று நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த கணக்கெல்லாம் தப்பு.

பை முழுவதும் தட்டையாகி, நான் அதைச் சுருட்டிச் சுருட்டிக் கடைசி மூச்சைப் பிழிந்துகொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. குட்டன் பிள்ளை சைக்கிளில் வரவில்லை. அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து வந்திருக்கிறார். சட்டை கிழிந்து தோளில் தொங்கியது. ஈரச் சாக்குச் சுற்றிய பை மட்டும் பத்திரமாக இருந்தது.

அதற்குப் பின்னால்தான் டாக்டரும் நீலகண்டனும் வந்து சேர்ந்தார்கள். டாக்டர் மங்களத்தைப் பார்த்துவிட்டு, இன்று தாண்டினால் பிழைத்துக்கொள்வாள் என்றார். பிறகு மூக்கைச் சுளித்து, "இங்கெ என்ன எரிஞ்ச மணம்?" என்று கேட்டார். முற்றத்தில் குமுட்டி அடுப்பு, மூலையில் கருகிய பை. நீலகண்டன் இரண்டையும் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். கை நடுங்கும் அந்த மனுஷருக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று நான் நினைக்கவில்லை.

"நெருப்புக்கிட்ட வெச்சயா? அறிவிருக்கா ஒனக்கு? அவளைக் கொல்லப் பாத்தயா?"

மாமி என்னைப் பார்த்தார். நான் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்கு வேலை உறுதியாகாத காலம். ஊரில் என் சம்பளத்தை எதிர்பார்த்து மூன்று தம்பிமார். நான் குனிந்து பையின் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. மாமி எழுந்து, கிணற்றடிக்கு மறுபடி குளிக்கப் போனார். நான் தொட்டதற்காகத்தான். அதிலெல்லாம் அவர் மாறிவிட்டார் என்று உங்களிடம் கதை விடமாட்டேன்.

மறுநாள் காலையில் மங்களத்துக்குக் குப்பென்று வியர்த்துச் சுரம் விட்டது. கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டாள். நீலகண்டன் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அவருடைய அழுகை மாதிரி அது சுத்தமானதாக இல்லை. பின்கட்டுக்குப் போனேன். மாமி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நேத்து நான் சொல்லித்தான் வச்சீங்கன்னு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஒங்க வேலை போயிடுமோன்னோ?" என்றார், கயிற்றை விடாமல். "எனக்கென்ன, ஏச்சு புதுசா? ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருக்கு, கேக்கலாமா?"

"கேளுங்க."

"பதினெட்டு வயசுலேர்ந்து இதைத் தொடாதே, அங்கே நிக்காதே, எதிர்க்க வராதேன்னுதான் எல்லாரும் சொல்லிண்டிருக்கா. ஏன்னு ஒருத்தரும் சொன்னதில்லே. அவாளுக்கே தெரியாதோ என்னமோ. நீங்க படிச்சவா. ஒங்களுக்குத் தெரியும். சூடு பட்டா வீங்கும், வெடிக்கும், அதனால வெயில்ல வேண்டாம்னு முதல் நாளே சொல்லியிருந்தேள்னா, எந்தத் தணல்னு எனக்குப் புரிஞ்சிருக்காதா?"

  நீங்கள் ஒரு நோயாளியின் வீட்டாரிடம் "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நகரும்போது, கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே கூடத்துக்குப் போய், தூணருகில் நின்ற நீலகண்டனிடம் நடந்ததைச் சொன்னேன். பையை வைத்தது அவர் அம்மா, வைக்கச் சொன்னது நான், சொன்ன வார்த்தை இது, நேற்று வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான் என்றேன். டாக்டரிடம் நானே போய்ச் சொல்லப்போகிறேன் என்றும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பின்கட்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். அங்கே குடத்தோடு மாமி வந்துகொண்டிருந்தார். நீலகண்டன் எதையோ சொல்ல வாயெடுத்தார், "அம்மா" என்பதற்குமேல் வரவில்லை.

மாமி அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பேசிண்டு நிக்காதேங்கோ நர்ஸம்மா. பை மேல வெயில் வந்துடுத்து, பாருங்கோ. நகர்த்தி வெக்கட்டுமா?"

"வைங்க மாமி," என்றேன்.